டேஷ்கேமும் பேட்டரியும்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமானால்

டேஷ்கேம் மாட்டிய சில வாரங்களில் ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. யாராவது ஜம்பர் கேபிள் கொண்டுவந்து வண்டியைக் கிளப்பிவிட்டபின் பழி முழுவதும் கேமராவின் மேல் விழுகிறது. "அதைக் கழற்றி எறி" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள்.

பெரும்பாலும் தப்பு கேமராவில் இல்லை. எந்த ஃபியூஸிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள், எந்த வோல்ட்டில் தானாக நிற்கும்படி வைத்தார்கள், வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற மூன்றையும் மாட்டும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் கேமராவும் ஓடும், காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது

டேஷ்கேமுக்கு இரண்டு வேலைகள். ஒன்று, வண்டி ஓடும்போது சாலையைப் பதிவு செய்வது. மற்றொன்று, வண்டி நிற்கும்போது காவல் காப்பது. முதல் வேலைக்கான மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் கொடுத்துவிடுகிறது. பேட்டரிக்குச் சுமையே கிடையாது. இரண்டாவது வேலைக்குத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டியிருக்கிறது. இதைப் 'பார்க்கிங் மோட்' என்கிறார்கள்.

ஆகவே கடைக்குப் போகுமுன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: பார்க்கிங் பதிவு எனக்குத் தேவையா? வண்டி இரவில் பூட்டிய கேட்டுக்குள் நிற்கிறது, பகலில் அலுவலக வளாகத்தில் காவலாளி இருக்கிறார் என்றால் தேவையில்லை. சாவியை அணைத்ததும் மின்சாரம் நின்றுபோகும் ஒரு ஃபியூஸில் கேமராவை இணைத்தால் போதும். இஞ்சின் நின்றதும் கேமராவும் அணைந்துவிடும். பேட்டரி இறங்கும் பேச்சே எழாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினாலும் பலன் இதேதான். வயர் கண்ணில் படும் என்பதுதான் வித்தியாசம். ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். எல்.இ.டி. விளக்குள்ள போன் சார்ஜரைச் செருகி, வண்டியைப் பூட்டி, அரை மணி கழித்துக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரிந்துவிடும்.

தெருவோரத்தில் நிறுத்துகிறவர்கள், போகிற வருகிற வண்டிகள் பம்பரில் கீறிவிட்டுப் போகும் இடத்தில் குடியிருப்பவர்கள், கடைவீதியில் நாள் முழுக்க வண்டியை விட்டுவைப்பவர்கள் ஆகியோருக்குப் பார்க்கிங் பதிவு பயன்படும். அவர்களுக்குத்தான் இனி வரும் கணக்கெல்லாம்.

பேட்டரி எதற்காகச் செய்யப்பட்டது

காரில் இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொடுத்து இஞ்சினைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியரை 2 விநாடி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், செலவாவது 0.1 ஆம்பியர்-மணிக்கும் குறைவு. மிக அதிகமாகக் கேட்கும், மிகக் குறைந்த நேரம் கேட்கும். ஆல்டர்னேட்டர் உடனே அதை ஈடுகட்டிவிடும்.

டேஷ்கேமின் வழி நேர்மாறானது. கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் உறிஞ்சும். இப்படி மெல்ல மெல்ல ஆழமாக இறங்குவது இந்த வகை பேட்டரிக்கு ஆகாது. மின்சாரம் குறையக் குறைய உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகத் திரும்பாது. பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிடும்.

எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை வோல்ட் அளவு சொல்லிவிடும். இஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் சாதாரண ஈய-அமில பேட்டரிக்குத் தோராயமான கணக்கு இது:

12.6 முதல் 12.7 வோல்ட்: முழு சார்ஜ்
12.4 வோல்ட்: முக்கால்
12.2 வோல்ட்: பாதி
12.0 வோல்ட்: கால்
11.8 வோல்ட்: காலி என்றே சொல்லலாம்

முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கேமராவை இணைக்கும் கிட்டில், எந்த வோல்ட்டில் நிற்க வேண்டும் என்று 11.8க்கும் 12.2க்கும் இடையே தேர்வு செய்யச் சொல்லும்போது, 'அரை வோல்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது' என்று தோன்றும். அந்த அரை வோல்ட்டுக்குள்தான் பேட்டரியின் பாதி இருக்கிறது.

இஞ்சின் ஓடும்போது அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்டும். அது ஆல்டர்னேட்டரின் வோல்ட். வண்டியை நிறுத்தியவுடன் அளந்தாலும் சற்று நேரம் உண்மைக்கு மேலாகவே காட்டும். காலையில், சாவியைப் போடுமுன், விளக்குகள் அணைந்திருக்கும்போது, பானட்டுக்குள் நேராக பேட்டரி முனைகளில் அளப்பதுதான் நம்பத்தகுந்த அளவு.

கேமரா எவ்வளவு குடிக்கும்

பெரும்பாலான டேஷ்கேம்கள் பதிவு செய்யும்போது 3 முதல் 6 வாட் வரை எடுக்கும். 12 வோல்ட் கணக்கில் இது கால் ஆம்பியர் முதல் அரை ஆம்பியர். முன்னும் பின்னுமாக இரண்டு கேமரா இருந்தால் மேல் எல்லையை ஒட்டி நிற்கும்.

பார்க்கிங் மோடிலும் வகைகள் உண்டு. தொடர்ந்து பதிவு செய்வது ஒன்று. விநாடிக்கு ஓரிரு படம் மட்டும் சேமிக்கும் டைம்லேப்ஸ் இன்னொன்று. டைம்லேப்ஸ் மெமரி கார்டை மிச்சப்படுத்தும். பேட்டரியை அந்த அளவுக்கு மிச்சப்படுத்தாது. ஏனென்றால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சென்சாரும் சிப்பும் விழித்தபடியேதான் இருக்கின்றன. மூன்றாவது வகையில் கேமரா தூங்கிக்கொண்டிருக்கும். வண்டி அதிர்ந்தால் மட்டும் விழித்துப் பதிவு செய்யும். இதில்தான் மின்செலவு உண்மையில் பல மடங்கு குறைகிறது. விழித்தெழ ஒரு சில விநாடி ஆகலாம் என்பதால் மோதிய கணம் பதிவில் விடுபட்டுப்போகும் வாய்ப்பு இருக்கிறது; பேட்டரி மிஞ்சுவதற்குக் கொடுக்கும் விலை அது.

இப்போது ஒரு கணக்கு. நம் ஊரில் ஓடும் பல சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. பேட்டரி மேலிருக்கும் ஸ்டிக்கரில் 'ஏ.ஹெச்.' என்ற எழுத்துகளுக்கு அருகே உங்கள் வண்டியின் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். கேமரா 0.3 ஆம்பியர் எடுக்கிறது, இரவு 12 மணி நேரம் வண்டி நிற்கிறது என்றால் 3.6 ஆம்பியர்-மணி போகும். காரின் சொந்தச் செலவும் உண்டு: கடிகாரம், அலாரம், ரிமோட் சாவியைக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். மொத்தம் 4 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, புதிய பேட்டரியில் ஒன்பதில் ஒரு பங்கு ஓர் இரவில். ஒரே ஓர் இரவு என்றால் ஆபத்தில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியை எடுக்கவில்லை என்றால்? வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை ஏறத்தாழ 60 மணி நேரம். கேமராவுக்கு மட்டும் 18 ஆம்பியர்-மணி. பேட்டரியில் பாதிக்கு மேல். மூன்று வயதான பேட்டரியின் உண்மையான கொள்ளளவு ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிடக் குறைவு. நம் ஊர் வெயிலில் பேட்டரியின் முதுமை இன்னும் சீக்கிரம் வருகிறது. திங்கட்கிழமை காலைகளில் இந்தப் புகார் அதிகம் வருவதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

கடனும் திருப்பிக் கட்டுவதும்

பார்க்கிங் பதிவை பேட்டரியிடம் வாங்கும் கைமாற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடும் நேரம்தான் திருப்பிக் கட்டும் தவணை. இரவு வாங்கிய 4 ஆம்பியர்-மணியைப் பகல் ஓட்டத்தில் கட்டிவிட்டால் கணக்கு நேர். கட்டவில்லை என்றால் நாளுக்கு நாள் பாக்கி ஏறும்.

ஆல்டர்னேட்டர் 60, 70 ஆம்பியர் கொடுக்கக்கூடியது, பத்து நிமிடத்தில் நிரப்பிவிடாதா என்று கேட்கலாம். நிரப்பாது. ஈய-அமில பேட்டரி காலியாக இருக்கும்போது வேகமாக வாங்கிக்கொள்ளும்; நிரம்ப நிரம்ப வாங்கும் வேகம் குறைந்துகொண்டே போகும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்ப மணிக்கணக்காகும். ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும் மழைக்கால நெரிசலில், இஞ்சின் மெதுவாகச் சுற்றும் நிலையில், பேட்டரிக்குப் போய்ச் சேரும் பங்கு இன்னும் சிறியது.

பிள்ளையைப் பள்ளியில் விட்டு வருவதும், சந்தைக்குப் போய் வருவதுமாகப் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டம் மட்டுமே உள்ள வண்டிக்கு இரவு முழுவதும் பார்க்கிங் பதிவு கட்டுப்படியாகாது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சீரான வேகத்தில் ஓடும் வண்டிக்கு இரவுப் பதிவு பொதுவாகத் தாங்கும். இரவும் பகலும் 22 மணி நேரம் பதிவு வேண்டும், ஓட்டமோ மொத்தம் ஒரு மணி நேரம்தான் என்றால், எந்த கிட் போட்டாலும் பேட்டரியின் ஆயுள் குறையத்தான் செய்யும்.

கட்-ஆஃப்: எந்த எண்ணை வைப்பது

கேமராவை ஃபியூஸ் பாக்ஸில் நிரந்தரமாக இணைக்க 'ஹார்ட்வயர் கிட்' என்ற சின்னப் பெட்டி கிடைக்கிறது. 12 வோல்ட்டைப் பெரும்பாலான கேமராக்களுக்குத் தேவையான 5 வோல்ட்டாக மாற்றுவது அதன் முதல் வேலை. பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே போனால் கேமராவைத் துண்டிப்பது இரண்டாவது வேலை. இந்தத் துண்டிப்பு இல்லாத, வெறும் 12க்கு 5 மாற்றி மட்டும் உள்ள மலிவுப் பெட்டியை நிரந்தர மின்சாரத்தில் இணைத்தால் பேட்டரி வற்றும்வரை கேமரா ஓடும். வாங்குமுன் 'லோ வோல்டேஜ் கட்-ஆஃப்' இருக்கிறதா, அதை மாற்றி அமைக்க முடியுமா என்று கேளுங்கள்.

பல கிட்களில் 11.8, 12.0, 12.2, 12.4 என்ற அளவுகள் இருக்கும். கேமரா இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால், அது ஓடும்போது காட்டும் வோல்ட் கிட்டத்தட்ட ஓய்ந்த நிலை வோல்ட்தான். அதனால் மேலே தந்த பட்டியலை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். 11.8இல் நிற்கும்படி வைத்தால் பேட்டரி காலியான பிறகு நிற்கும். அது பாதுகாப்பே அல்ல. 12.0 வைத்தால் கால் பங்கு மிஞ்சும். பழைய பேட்டரியாக இருந்தால் ஸ்டார்ட் ஆவது சந்தேகம். 12.2 என்பது பெரும்பாலானோருக்குக் கீழ் எல்லை. குறைந்த ஓட்டமுள்ள வண்டிக்கும், இரண்டு வயது தாண்டிய பேட்டரிக்கும் 12.4 நல்லது.

12.4 வைத்தவர்களில் சிலர், "ஒரு மணி நேரத்திலேயே கேமரா நின்றுவிடுகிறது, கிட் கோளாறு" என்று 11.8க்கு இறக்கிக்கொள்கிறார்கள். கிட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகவில்லை அல்லது தளர்ந்துவிட்டது என்ற செய்தி அது. எண்ணை இறக்குமுன் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள். கிட் அளக்கும் வோல்ட்டுக்கும் பேட்டரி முனையில் உள்ள வோல்ட்டுக்கும் வயரில் ஏற்படும் இழப்பால் சிறு வித்தியாசம் இருக்கலாம். மீட்டர் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்-ஆஃப் காப்பது நாளைக் காலை ஸ்டார்ட் ஆவதை மட்டுமே. தினமும் பாதி வரை இறங்கி, முழுதாக ஏறாமல், மறுபடி பாதி வரை இறங்கும் பேட்டரி ஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். ஆனால் நான்கு வருடம் உழைக்க வேண்டியது இரண்டு வருடத்தில் போய்விடும். பேட்டரியின் ஆயுளைக் காப்பது டைமர். கிட்டிலோ கேமராவிலோ 6 மணி, 12 மணி என்று நேர எல்லை வைக்கும் வசதி இருந்தால் வோல்ட் எல்லையோடு அதையும் வையுங்கள். எது முதலில் வருகிறதோ அதில் கேமரா நிற்கட்டும்.

மூன்று வயர்கள்

பார்க்கிங் பதிவுக்கான கிட்டில் மூன்று வயர்கள் வரும். எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு ஒன்று, சாவியைப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. பல கம்பெனிகளில் மஞ்சள் நிரந்தரத்துக்கும், சிவப்பு சாவி வழி மின்சாரத்துக்கும், கறுப்பு எர்த்துக்கும் என்று இருக்கும். எல்லாக் கம்பெனியும் இதே நிறத்தைப் பின்பற்றும் என்ற உறுதியில்லை. வயரில் ஒட்டியிருக்கும் சீட்டையோ கூட வரும் தாளையோ பார்த்தே இணைக்க வேண்டும்.

சாவி வழி வயர் கேமராவுக்கு 'வண்டி ஓடுகிறது, நிற்கிறது' என்று தகவல் சொல்லும் வயர். இரண்டையும் ஒரே நிரந்தர ஃபியூஸில் முறுக்கி விட்டால் வண்டி நின்றதே கேமராவுக்குத் தெரியாது. இரவு முழுவதும் முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டிருக்கும். இரண்டும் சாவி வழி ஃபியூஸில் போனால் பார்க்கிங் பதிவே வராது. 'எப்படியோ எரியுது சார்' என்று முடித்துவிட்டுப் போகும் வேலைகளில் இந்தத் தவறு மிகச் சாதாரணம். சில இரண்டு வயர் கிட்கள் வோல்ட் ஏறி இறங்குவதை வைத்து இஞ்சின் ஓடுகிறதா என்று ஊகிக்கும். புதிய கார்கள் பலவற்றில் எரிபொருள் சேமிக்க ஆல்டர்னேட்டர் ஓட்டத்தின் நடுவிலேயே வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதால் அந்த ஊகம் தவறிப்போகும். மூன்று வயர் கிட்டே நம்பகமானது. கேமரா எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் கிட்டை வாங்குவது தொல்லையைக் குறைக்கும். பிளக் பொருந்தினாலும் தகவல் சொல்லும் முறை பொருந்தாத கிட்கள் இருக்கின்றன.

எந்த ஃபியூஸைத் தொடலாம்

உள் ஃபியூஸ் பாக்ஸ் நம் ஊர்க் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம் இருக்கும். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் அதன் மூடியிலோ காரின் கையேட்டிலோ உண்டு.

தொடக்கூடாதவை: ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், இஞ்சின் கணினி, ஃப்யூவல் பம்ப், பவர் ஸ்டியரிங். இவற்றில் கிளை எடுத்து ஏதாவது தவறினால் விளைவு பேட்டரி இறங்குவதோடு நிற்காது. சாவி வழி மின்சாரத்துக்கு சிகரெட் லைட்டர் அல்லது ஆடியோ ஃபியூஸ் ஏற்றது. நிரந்தர மின்சாரத்துக்கு உள் கூரை விளக்கின் ஃபியூஸ் போன்ற முக்கியமில்லாத ஒன்று போதும்.

படத்தை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைத்துச் சோதியுங்கள். சாவியை எடுத்த நிலையில் 12 வோல்ட் காட்டினால் நிரந்தரம். சாவியைப் போட்டால் மட்டும் காட்டினால் சாவி வழி. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இப்போதைய கார்களில் சில ஃபியூஸ்கள் வண்டியைப் பூட்டிய பிறகும் இருபது, முப்பது நிமிடம் உயிரோடு இருந்துவிட்டு, காரின் கணினி தூங்கப் போகும்போது அணைந்துபோகும். சோதிக்கும்போது நிரந்தரம் போலத் தெரிந்தது, நள்ளிரவில் கேமராவைக் கைவிட்டுவிடும். ஆகவே வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை அளக்க வேண்டும்.

வயரை வெட்டாமல் இணைப்பது

காரின் சொந்த வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றுவது பழைய பழக்கம். இன்று அதற்குத் தேவையே இல்லை. 'ஃபியூஸ் டேப்' என்று ஒரு சின்ன இணைப்பான் கிடைக்கிறது. பழைய ஃபியூஸைப் பிடுங்கி அதை இதன் கீழ் இடத்திலும், கேமராவுக்கான புதிய ஃபியூஸை மேல் இடத்திலும் செருகி, பழைய ஃபியூஸ் இருந்த குழியிலேயே பொருத்திவிடலாம். ஒரு வயர்கூட வெட்டப்படாது. பின்னாளில் கழற்றினால் சுவடே தெரியாது. வாரண்டி விவாதத்துக்கான இடமும் குறையும்.

டேப் வாங்கும்போது உங்கள் காரின் ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொண்டுபோங்கள். சாதாரண பிளேடு, மினி, லோ-புரொஃபைல் மினி, மைக்ரோ என்று அளவுகள் பல. கண்ணளவில் ஒன்றுபோலத் தெரியும், செருகினால் ஆடும். ஆடும் இணைப்பு சூடாகும். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கிட் தயாரிப்பாளர் சொல்லும் அளவே முடிவு. 'எரிந்துபோகாமல் இருக்கட்டும்' என்று 15 ஆம்பியர் போடுவது, மெல்லிய வயர் தீப்பிடிக்கும்வரை காத்திருக்கச் சொல்வதற்குச் சமம். டேப்பின் மேல் குறித்திருக்கும் அளவுக்கு மேற்பட்ட ஃபியூஸ் உள்ள குழியிலும் அதைச் செருகக் கூடாது.

டேப்புக்குத் திசையும் உண்டு. ஃபியூஸைப் பிடுங்கினால் குழியில் இரண்டு வாய்கள் தெரியும். ஒன்றில் மட்டும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்து நிற்கும். டேப்பின் இரண்டு ஃபியூஸ்களுக்கும் பொதுவான கால் அந்த வாயில் இறங்க வேண்டும். அப்போதுதான் இரண்டு கிளைகளும் தனித்தனி ஃபியூஸ் வழியாகப் பிரியும். திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடும். ஆனால் அதன் மின்னோட்டமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். மீட்டர் வைத்து எந்த வாயில் மின்சாரம் என்று பார்த்துச் செருகுவது அரை நிமிட வேலை.

எர்த்தைக் காரின் உடலோடு இறுகியிருக்கும் வெற்று உலோக போல்ட் ஒன்றில் கொடுக்க வேண்டும். பெயின்ட் மேலோ, பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும் திருகிலோ கொடுத்தால் கேமரா அடிக்கடி அணைந்து எழும். கட்-ஆஃப் அளவும் தவறாகப் படிக்கும். ஏர்பேக் எர்த்தோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

வயர் போகும் பாதையில் கவனிக்க வேண்டிய ஓர் இடம், முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே நிற்கும் தூண். பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது அந்தத் தூணுக்கும் கூரை ஓரத்துக்கும் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும். கேமரா வயர் அதற்கு முன்னால் குறுக்கே போனால், விபத்தில் ஏர்பேக் விரியும்போது தடையாகும். வயர் ஏர்பேக்குக்குப் பின்புறமாக, காரின் சொந்த வயர் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டுச் செல்ல வேண்டும். தூணின் மூடியைக் கழற்றத் தெரியாதவர் கையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சில சிறப்பு நிலைகள்

சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். பேட்டரிக்கு வருவதும் போவதும் எவ்வளவு என்று அது கணக்கு வைக்கிறது. எர்த்தை நேராக நெகட்டிவ் முனையில் கொடுத்தால் கேமராவின் செலவு அந்தக் கணக்கில் சேராது. எர்த் காரின் உடலில்தான் இருக்க வேண்டும்.

மின்சாரக் காரிலும் கதவு, விளக்கு, கணினி ஆகியவற்றுக்குத் தனியே ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியில் நிறைய மின்சாரம் இருந்தாலும், இந்தச் சின்ன பேட்டரி இறங்கினால் கார் விழிக்காது. அங்கும் கட்-ஆஃப் கட்டாயம்.

மெக்கானிக் ஸ்கேனர் போடும் ஓ.பி.டி. துளையில் செருகும் கேமரா கேபிள்களும் விற்கின்றன. அந்தத் துளையின் 16ஆம் முனையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் இருக்கும் என்பதால் மாட்டுவது சுலபம். ஆனால் மெக்கானிக் ஸ்கேனர் போடும்போதெல்லாம் கழற்ற வேண்டும். கட்-ஆஃப் உள்ள கேபிளா என்றும் பார்க்க வேண்டும்.

இரவும் பகலும் காவல் வேண்டும், ஓட்டமோ குறைவு என்பவர்களுக்கு ஒரே நிம்மதியான வழி, டேஷ்கேமுக்கென்றே விற்கும் தனி பேட்டரி பெட்டி. பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. வண்டி ஓடும்போது வேகமாகச் சார்ஜ் ஆகி, நின்றபின் தன்னிலிருந்தே கேமராவை ஓட்டும். கார் பேட்டரியைத் தொடாது. விலை கேமராவின் விலையைத் தொடும். சீட்டுக்கு அடியில், வெயில் படாமல் வைக்க வேண்டும். சாதாரண போன் பவர்பேங்கை இந்த வேலைக்கு டேஷ்போர்டில் வைப்பது வேண்டாம். மூடிய கார் வெயிலில் நிற்கும்போது உள்ளே எழும் சூட்டுக்கு அது செய்யப்பட்டதல்ல. கேமரா வாங்கும்போதே லித்தியம் செல்லுக்குப் பதில் கெபாசிட்டர் உள்ள மாடலாகப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஊருக்குப் போகிறீர்கள், வண்டி ஒரு வாரம் நிற்கும் என்றால் கேமரா பிளக்கை உருவிவிட்டுப் போங்கள். கட்-ஆஃப் ஓரிரு நாளிலேயே கேமராவை நிறுத்திவிடும். மீதி நாள்கள் முழுவதும் பேட்டரி அரைகுறை சார்ஜில் கிடந்து தகடுகள் இறுகும்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை

மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வேலையை முடித்துவிடலாம். மற்றவர்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போன்ற கார் சாமான் கடைத்தெருக்களிலோ கொடுக்கலாம். யாரிடம் கொடுத்தாலும் வேலை தொடங்குமுன் நான்கு கேள்விகள்: ஃபியூஸ் டேப் போடுவீர்களா, வயரை வெட்டுவீர்களா? நிரந்தரத்துக்கு எந்த ஃபியூஸ், சாவி வழிக்கு எந்த ஃபியூஸ்? கட்-ஆஃப் எத்தனை வோல்ட்டில் வைக்கப் போகிறீர்கள்? தூணில் வயர் ஏர்பேக்குக்கு முன்னாலா, பின்னாலா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள்.

முடிந்ததும் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாவியை எடுத்ததும் கேமரா பார்க்கிங் மோடுக்கு மாறுகிறதா. கிட்டில் வைத்த வோல்ட் அளவு நீங்கள் சொன்னதுதானா. மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரி 12.4க்குக் கீழே போகாமல் இருக்கிறதா. மூன்றாவது அளவை முதல் வாரம் தினமும் பாருங்கள். எண் நாளுக்கு நாள் இறங்கினால் உங்கள் ஓட்டத்துக்கு அந்த அளவு பதிவு கட்டுப்படியாகவில்லை என்று பொருள். டைமரைக் குறையுங்கள், அல்லது அதிர்ந்தால் மட்டும் விழிக்கும் முறைக்கு மாற்றுங்கள். எண் ஒரே இடத்தில் நின்றால் கேமராவை அப்படியே ஓட விடலாம்.